மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு டேஷ்போர்டு: 18 வரைபடம் கேட்கிறார்கள், ஏப்ரல் சேமிப்போ நோட்டோடு ஒத்துவரவில்லை

குழுக்கணக்கு:
வணக்கம். 7 ஊராட்சி, 42 மகளிர் சுய உதவிக் குழு, 590 உறுப்பினர். கூட்டம் முடிந்ததும் ஊக்குநர்கள் செல்போனிலேயே கூகுள் ஷீட்டில் பதிகிறார்கள். டேஷ்போர்டு, அதாவது எண்களை வரைபடமாகக் காட்டும் திரை, லுக்கர் ஸ்டுடியோ என்ற கூகுள் கருவியில். நிர்வாகிகளும் நிதி தருபவர்களும் சேர்ந்து 18 வரைபடம் கேட்கிறார்கள். கையில் 6 வாரம்தான். இன்னொன்று, ஏப்ரல் சேமிப்பு நோட்டில் இருப்பதில் பாதிகூட வரவில்லை. இன்னும் வராத நவம்பரில் ஒரு தொகை நிற்கிறது! டேட்டாபேஸுக்கு மாறினால் சரியாகுமா?

பேரேடு:
டேட்டாபேஸ் வேண்டாம். ஆளுக்கு மாதம் ஒரு வரி என்றால் ஆண்டுக்கு 7,080 வரி. ஒரு ஷீட் 1 கோடி கட்டம் தாங்கும்.

நவம்பர்தான் துப்பு. ஷீட்டின் லோகேல் (எந்த நாட்டு முறையில் தேதியைப் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்காவில் இருக்கும். ஏப்ரல் 11 என்று நினைத்து 11/04 அடித்தால் அது நவம்பர் 4 ஆகிவிடும். 25/04 அடித்தால் 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாகக் கிடக்கும், கூட்டலில் சேராது. தேதிப் பத்தியைப் பாருங்கள்: நீங்களாக ஓரம் மாற்றாத வரை உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும்.

முதலில் ஷீட்டுக்கு ஒரு நகல் எடுங்கள். பிறகு ஃபைல், செட்டிங்ஸ் போய் லோகேலை இந்தியா ஆக்குங்கள். பழைய வரிகள் இதனால் திருந்தாது. இடப்பக்கம் ஒட்டியவற்றைத் திரும்ப அடிக்க வேண்டும். மாறிப்போனவற்றுக்குப் பக்கத்துப் பத்தியில் டேட் ஃபார்முலா போட்டு, மாதம் வரும் இடத்தில் நாளையும் நாள் வரும் இடத்தில் மாதத்தையும் கொடுங்கள். லோகேல் மாற்றிய பின் பதிந்த வரிகளில் இதைப் போட்டால் சரியானதும் கெடும்.

தவணைநாள்:
18 வரைபடத்துக்கு வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்வி எழுதச் சொல்லுங்கள்: யார் பார்ப்பார், எந்தத் தேதியில், எண் கெட்டால் என்ன செய்வார். மூன்றாவதற்குப் பதில் இல்லாததை அடித்துவிடலாம். கூட்ட வருகை, சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன்) சுழற்சி, தவணை தவறிய கடன் என்ற நான்கு போதும் என்பது என் கணக்கு. அவற்றையும் முதல் இரண்டு வாரம் ஏ4 தாளில் அச்சிட்டு மாதக் கூட்டத்தில் வையுங்கள். தாளில் யாரும் சீண்டாததைத் திரையில் மட்டும் பார்ப்பார்களா என்ன?

'வசூல் சதவீதம்' ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். இந்த மாதத் தவணை 1,00,000, வசூல் 96,000 என்றால் 96% என்று பச்சையாகத் தெரியும். பழைய பாக்கியும் முன்பணமும் அந்த வசூலிலேயே கலந்திருக்கும். 30 நாளுக்கு மேல் தவணை தவறிய கடன்களின் மொத்த அசல் நிலுவையை எடுங்கள், தவறிய தவணையை மட்டும் அல்ல. 40,000, 25,000, 15,000 என மூன்று கடன், மொத்த நிலுவை 10 லட்சம் என்றால் 8%. தலைவி எந்த வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும் என்பது இதில்தான் தெரியும்.

சேமிப்பையும் கடனையும் உறுப்பினர் எண்ணை மட்டும் வைத்து இணைக்காதீர்கள். இரண்டு கடன் உள்ளவரின் சேமிப்பு இருமுறை கூடிவிடும். பெயரை வைத்து இணைப்பது இன்னும் மோசம். லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி மூன்று பேராகிவிடுவார்கள்.

பேரேடு:
ஒன்று விட்டுப்போச்சு. டேஷ்போர்டில் வைக்கும் குழுவாரி வடிகட்டி (ஃபில்டர்) பூட்டு அல்ல, பார்ப்பவர் அதை மாற்றிக்கொள்ளலாம். பெயர் இல்லாத, குழு அளவிலான தொகுப்பு ஷீட்டைத் தனியாகச் செய்து அதை மட்டும் ரிப்போர்ட்டில் இணைங்கள். ஆதார் எண்ணுக்குப் பத்தியே வேண்டாம்.

குழுக்கணக்கு:
இடப்பக்கம் ஒட்டியவை 311 வரி! திருத்தியதும் 41 குழு ஒத்துவந்தது. ஒரு குழு மட்டும் 2,800 குறைகிறது, மே மாதத்தில் அதே தொகை கூடுகிறது.

தவணைநாள்:
14 பேர், ஆளுக்கு 200-ஆ? அப்படியானால் கூட்டம் ஏப்ரல் 30, வங்கியில் கட்டியது மே 2 போல இருக்கும். ஊக்குநர் செலான் தேதியைப் போட்டிருப்பார். 'வசூலித்த தேதி', 'வங்கியில் கட்டிய தேதி' என இரண்டு பத்தி வையுங்கள், வரைபடத்துக்கு முதலாவது.