உப்புத் தண்ணீர் ஊர்களில் குளியலறைப் பராமரிப்பு: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பல்லடத்திலிருந்து:

எங்கள் பக்கத்தில் குடிப்பதற்கு மட்டுமே ஆற்றுத் தண்ணீர் வருகிறது. குளிப்பதும் துவைப்பதும் போர் தண்ணீரில்தான். இப்படிப்பட்ட வீடுகளில் குளியலறையை அசிங்கப்படுத்துவதில் பெரும்பங்கு உப்புக்கே உரியது. குழாய் முனையில் பொருக்கு, வாளியின் உட்புறத்தில் சாம்பல் நிறப் படலம், கருநிற டைல்ஸில் தண்ணீர் வழிந்த வெள்ளைக் கோடுகள் என்று எங்கும் அதன் தடயம்தான். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 வரை ஏற்கலாம் என்றும் கூறுகிறது, எங்கள் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது அது அந்த மேல்வரம்பையும் தாண்டியிருந்தது.

இந்தத் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள், நீர் உலர்ந்ததும் சுண்ணாம்புப் படிவாகத் தங்கிவிடுகின்றன. அந்தப் படிவு சோப்புக்கும் பினாயிலுக்கும் அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். ஆகவே நான் மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டு வாங்கும் எலுமிச்சை உப்பை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் கரைத்து, பழைய தெளிப்பான் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்கிறேன். தெளித்தவுடன் தேய்க்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஊறினால் பாதி வேலையை அதுவே முடித்துவிடும். செங்குத்தான சுவரில் கரைசல் வழிந்து ஓடிவிடுவதால், துணியை அதில் நனைத்துக் கறையின்மேல் ஒட்டி வைக்கிறேன். திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணி இதற்கு மிகவும் ஏற்றது: நன்றாக உறிஞ்சும், சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கந்தலானால் தூக்கிப் போடவும் மனம் உறுத்தாது.

ஷவரில் துளைகள் அடைபட்டு, தண்ணீர் நாலா பக்கமும் சிதறிக்கொண்டிருந்தது. ஒரு பாலித்தீன் பையில் இதே கரைசலை ஊற்றி, ஷவரின் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி, இரவில் விட்டுவைத்தேன். காலையில் பையைக் கழற்றியபோது அதன் அடியில் அரிசி நொய் போல வெள்ளைத் துகள்கள் தங்கியிருந்தன. மீதியைப் பழைய பல் துலக்கியால் தட்டி எடுத்தேன். எங்களுடையது பிளாஸ்டிக் ஷவர் என்பதால் அவ்வளவு நேரம் விட்டேன். பளபளப்புப் பூச்சுள்ள பித்தளைக் குழாய்க்கு அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறவிட்டால் பூச்சு மங்கக்கூடும்.

கறை படியாமல் தடுப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவானது. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒருமுறை வழித்துவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நீர் தேங்கி உலர்ந்தால்தானே உப்புப் படியும்?

பொள்ளாச்சியிலிருந்து:

மேலே சொல்லப்பட்டது டைல்ஸ் போட்ட குளியலறைக்குப் பொருந்தும். மொசைக், பளிங்கு, கடப்பாக்கல் தளம் உள்ளவர்கள் எந்தப் புளிப்பையும், எலுமிச்சைச் சாறாக இருந்தாலும், அதன்மேல் ஊற்ற வேண்டாம். அந்தக் கற்களே சுண்ணாம்புச் சேர்மங்கள் ஆதலால், கறையோடு கல்லின் மெருகும் கரைந்து, தளம் சொரசொரப்பாகி, பிறகு வரும் அழுக்கை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பழைய வீட்டின் மொசைக் தரைக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தேங்காய் நாரும்தான். நாருக்கு இங்கே பஞ்சமில்லை. மட்டையை உரித்துக் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, தட்டிச் சுருட்டிக்கொண்டால் கம்பி நாரைவிட மென்மையாக வேலை செய்யும், தரையில் கீறலும் விழாது.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்குவதைப் பார்த்துப் பலரும் அதிசயிக்கிறார்கள். உண்மையில் அவை ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால், நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். உப்புக்கறைக்குப் புளிப்பையும், எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவையும் தனித்தனியே பயன்படுத்துவதே பலன் தரும்.

திருப்பூரிலிருந்து:

நாங்கள் குடியிருப்பது லைன் வீட்டில். நான்கு குடும்பங்களுக்கு ஒரே குளியலறை, ஒரே கழிப்பறை. முறை வைத்துக் கழுவுவதால் ஆளுக்கொரு மருந்தைக் கொண்டுவருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போயிருந்த கழிப்பறையில், அடுத்து வந்தவர் அது தெரியாமல் ஆசிட்டை ஊற்றிவிட்டார். மூக்கைத் துளைக்கும் நெடியோடு, இருமியபடியே அவர் வெளியே ஓடிவந்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா, "கதவைத் தொறந்து போட்டுட்டு எல்லாரும் தள்ளி வாங்க, கண்ணு, யாரும் உள்ள போவாதீங்க" என்று அதட்டி எல்லோரையும் விலக்கியது நல்லதாகப் போயிற்று.

பிளீச்சிங் பவுடருடன் எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும்; காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது நுரையீரலைப் பாதிக்கும். கழிப்பறை கழுவும் திரவங்களில் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது என்பதையும், எலுமிச்சை உப்புக் கரைசலும் அமிலமே என்பதையும் மறக்கக் கூடாது. இப்போது எங்கள் லைனில் புளிப்புக்கு ஒரு கிழமை, பிளீச்சிங் பவுடருக்கு வேறொரு கிழமை என்று பிரித்து, கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பிளீச்சிங் பவுடரை அப்படியே தூவுவது வீண் என்பது என் கருத்து. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, டைல்ஸ் இடுக்குகளில் உள்ள கரும்பூஞ்சையின்மீது தடவிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். தூவினால் மிஞ்சும் வெள்ளைப் படிவைத் தேய்த்து எடுக்கும் வேலையும் இராது. திறந்து வைத்த பொட்டலம் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும் என்பதால், கொஞ்சமாக வாங்கி இறுக மூடி வைப்பது நல்லது. செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் இதை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். மிகுதியாக உள்ளே போனால், கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் செத்துவிடும்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து:

வாய்க்கால் பாசனப் பகுதியில் இருப்பதால் எங்களுக்கு உப்பைவிடப் பாசிதான் தொல்லை. குளியலறைக்கு ஒரு சிறிய ஜன்னலை வைத்த பிறகு அது பெருமளவு குறைந்தது, செலவு ஒருமுறைதான்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுக் குளிக்கும் வீடுகளுக்கு ஒரு செய்தி. அரப்புத்தூள் எண்ணெயோடு சேர்ந்து பச்சைக் களியாகித் தரையில் வழுக்கும், சலதாரையிலும் போய் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கக் கொதிக்கும் நீரை ஊற்றுவோர் உண்டு, பி.வி.சி. குழாய் அந்தச் சூட்டில் இளகிவிடும் என்பதால் கை பொறுக்கும் சூடே போதும். நாங்கள் குளித்த கையோடு தரையில் ஆப்ப சோடாவைத் தூவி, ஈர்க்குச் சீமாற்றால் தேய்த்து, வெந்நீர் விட்டுக் கழுவுகிறோம். சலதாரை வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை மடித்து வைத்தால், களியும் உதிர்ந்த முடியும் அதிலேயே தங்கிவிடும். எடுத்துத் தென்னை மரத்தடியில் உதறிவிட்டு, அலசித் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.