பகல்நேர மையம்: எதற்குக் கூப்பிட்டாலும் "வேண்டாம்" என்கிறார்கள்

கேள்வி:
நாள்பட்ட மனநோய் உள்ள பெரியவர்களுக்கான பகல்நேர மையத்தில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலானோருக்கு மனச்சிதைவு. வரைதல், பாட்டு, உடற்பயிற்சி என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன், "வர்றீங்களா?" என்றால் "வேண்டாம்"தான். பாதிப் பேர் காலையில் சுவரோரம் சாய்ந்து தூங்குகிறார்கள். என்னதான் செய்வது?

பதில் 1:
தூங்குவது சோம்பலால் இல்லை. இரவு போட்ட மாத்திரையின் மயக்கம் பலருக்கு முற்பகல் வரை தெளியாது, அதனால் முக்கியமானதையெல்லாம் மதியத்துக்குத் தள்ளுங்கள். அப்புறம், "வர்றீங்களா" என்று கேட்பதையே விட்டுவிடுங்கள். மனச்சிதைவில் 'இதைச் செய்தால் நன்றாக இருக்கும்' என்று முன்கூட்டித் தோன்றுவதுதான் அதிகம் அடிபடுகிறது, செய்யும்போது கிடைக்கும் சந்தோஷம் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படிப்பட்டவரிடம் கேட்டால் வேறென்ன பதில் வரும்? நீங்கள் பாட்டுக்குக் கேரம் பலகையைப் போட்டு ஆட ஆரம்பியுங்கள், பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கட்டும். தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பவரையும் கலந்துகொண்டவராகவே எண்ணுங்கள்.

பதில் 2:
குடும்பத்து ஆளாகச் சொல்கிறேன். என் அண்ணன் கணக்கராக இருந்தவர். முன்பு போன மையத்தில் அவர் கையில் சிறுபிள்ளைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் அங்கே போகவே மறுத்துவிட்டார். இப்போது போகும் இடத்தில் நூலக நோட்டு அவர் பொறுப்பு. கை நடுங்கும், எழுத்து கோணலாக விழும், ஆனாலும் யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று ஒரு வரி விடாமல் எழுதுகிறார், திருப்பித் தராதவரிடம் நேராகப் போய்க் கேட்கிறார். வீட்டில் தானாக வாய் திறக்காத மனிதர் அவர்! தயவுசெய்து பொழுதுபோக்கு மட்டும் கொடுக்காதீர்கள், உண்மையான வேலை கொடுங்கள்.

பதில் 3:
மேலே சொன்னது ரொம்பச் சரி. நியூயார்க்கில் 1940களில் தொடங்கிய ஃபவுன்டன் ஹவுஸ் என்ற மனநல மையம் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. அங்கே வருபவர்கள் நோயாளிகள் இல்லை, உறுப்பினர்கள். அந்த வழியில் நடக்கும் மையங்களில் ஊழியர்களை வேண்டுமென்றே குறைவாக வைக்கிறார்கள், உறுப்பினர்கள் கை கொடுக்காவிட்டால் அன்றைய வேலை ஓடாது.

கேட்டவர்:
நன்றி. நூலக நோட்டு போல எங்களிடம் என்ன இருக்கிறது என்று யோசிக்கிறேன். இரண்டு பேர் உட்காரவே மாட்டேன் என்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது?

பதில் 1:
சில மருந்துகள் அப்படி இருப்புக்கொள்ளாமல் செய்யும். முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தைச் சரிசெய்தால் குறைய வாய்ப்பு உண்டு. அதுவரை கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாற்காலி எடுத்துப் போடுவது என்று நடந்தபடியே செய்யும் வேலையைக் கொடுங்கள். லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவர் வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் குடிக்கிறாரா என்று அவசியம் பாருங்கள்.