சின்ன டிராக்டருக்குப் பனிச் செயின்: முன்னாலா, பின்னாலா?

சரளைப்பாதை:
என்னிடம் இருப்பது 25 குதிரைத்திறன் டிராக்டர். ஹைட்ரோஸ்டாட் (கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் வகை), முன்னால் லோடர் (பக்கெட் வைத்த தூக்கும் கை), ஃபோர் வீல் டிரைவ், டயர் ஆர்4 (கட்டை தாழ்வான தொழில்துறை வகை). வீட்டிலிருந்து சாலைக்கு இறங்கும் பாதை சரளை, கடைசிக் கொஞ்ச தூரம் தார். புதுப்பனியில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. பகலில் உருகி ராத்திரி உறைந்துவிட்டால்தான் சிக்கல். ஏறும்போது நான்கு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. இறங்கும்போது பிரேக்கை மிதித்தாலும் வழுக்கிக்கொண்டே போகிறது.

இப்போதைக்கு ஒரு ஜோடி செயின்தான் வாங்க முடியும். பக்கெட்டில் பனி அள்ளும்போது எடையெல்லாம் முன்னால் விழுவதால் முன் சக்கரத்துக்கே போடலாம் என்று நினைக்கிறேன். சரியா? ஏணி போல இருக்கும் செயின் மலிவாகக் கிடைக்கிறது. அதுவே போதுமா?

மலைச்சரிவு:
பின்னால் போடுங்க தம்பி. நீங்கள் ஏறுவதை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். ஆளை விழுத்தாட்டுவது இறக்கம்.

இந்த அளவு டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். பெடலிலிருந்து காலை எடுத்ததும் ஹைட்ரோஸ்டாட் வண்டியைப் பிடிக்கிறதே, டூ வீலில் ஓட்டினால் அந்தப் பிடியும் பின் அச்சோடு நின்றுவிடும். பக்கெட் நிறையப் பனியோடு மூக்கைக் கீழே வைத்து இறங்கினால் பின்பக்கத்தில் எடையே இருக்காது. அந்த நேரத்தில் முன்னால் மட்டும் செயின் இருந்தால், முன் சக்கரம் ஐஸைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வரும். சரிவில் குறுக்கே திரும்பிவிட்ட டிராக்டர் கவிழ்வதற்கு ஒரு சின்னப் பள்ளம் போதும். அதனால் இறங்கும்போது ஃபோர் வீல் எப்போதும் போட்டே இருக்கட்டும். அது போட்டிருந்தால் பின் பிரேக்கின் பிடி கியர் வழியாக முன் சக்கரத்துக்கும் போய்ச் சேரும். பக்கெட்டைத் தரையை ஒட்டியே வையுங்கள். ரோல் பாரை (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் வளைவுக் கம்பி) நிமிர்த்தி, பெல்ட்டும் போடுங்கள்.

ஏணிச் செயினில் இரண்டு வகை உண்டு. பக்கச் சங்கிலியில் நான்கு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி வருவதுதான் மலிவு. ஆர்4 டயரில் அந்தக் குறுக்குச் சங்கிலி ரப்பர் கட்டைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டை இன்னும் உயரமான ஆர்1 உழவு டயரில் சங்கிலி இருப்பதே தெரியாது. ஏணிதான் வேண்டும் என்றால் இரண்டு கண்ணிக்கு ஒன்று வருவதை வாங்குங்கள்.

ஆனால் சரிவுக்கு என் ஓட்டு, வைர வடிவில் பின்னிய டைமண்ட் செயினுக்குத்தான். ஏணியில் சங்கிலிகள் எல்லாம் குறுக்கே கிடப்பதால் முன்னும் பின்னும் பிடிக்கும், பக்கவாட்டில் பனிச்சறுக்குக் கட்டை மாதிரி நழுவும். டைமண்டில் சாய்வாக ஓடும் சங்கிலி பக்கத்திலும் கடிக்கும். பாதை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்த வித்தியாசத்தை சீட்டில் உட்கார்ந்தே உணரலாம். விலை கூடத்தான். ஒரு ஜோடிதான் என்றால் அந்த ஒன்று நல்லதாக இருக்கட்டும்.

இரும்புக்கொண்டி:
மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் செயின் வாங்குமுன் ஒரு கேள்வி: பின்னால் எடை கட்டியிருக்கிறீர்களா? லோடரை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்றும் மாட்டாமல் ஓட்டினால், எந்தச் செயினாக இருந்தாலும் அதை ஐஸில் அழுத்த ஆளில்லை. பின்னால் கருவி மாட்டும் த்ரீ பாயின்டில் எடைப்பெட்டி மாட்டுங்கள், இல்லையென்றால் டயரில் திரவம் நிரப்புங்கள். வால்வை உச்சியில் வைத்து வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரின் முக்கால் பங்கு வரும். வெறும் தண்ணீர் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் உறையாது, நல்ல எடையும் தரும், ஆனால் கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும். சமதரையாக இருந்தால் எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். உங்கள் சரிவுக்கு எடை, செயின் இரண்டும் வேண்டும்.

தாரைப் பற்றியும் யோசியுங்கள். முள் வைத்த செயின் ஐஸை அருமையாகக் கடிக்கும், தாரையும் அப்படியே கீறும். வெறும் தார் தெரிகிற இடத்தில் சக்கரத்தைச் சுழல விடாதீர்கள், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். ஃபோர் வீலில் முன் சக்கரம் பின்னதைவிட ஒரு சில சதவீதம் வேகமாக ஓடும்படிதான் அமைத்திருப்பார்கள். பின்னால் மட்டும் செயின் ஏறினால் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். பனியில் சக்கரம் சறுக்கி அதைச் சரிக்கட்டிவிடும், காய்ந்த தாரில் கியர்தான் தாங்க வேண்டும்.

சரளைப்பாதை:
இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணா, பின்னாலேயே போடுகிறேன், டைமண்ட். எடைப்பெட்டியும் வரும். இடைவெளி எவ்வளவு வேண்டும்? டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் போகிறது.

மலைச்சரிவு:
மட்கார்டு பரவாயில்லை, உள்பக்கத்தைப் பாருங்கள். லிஃப்ட் கைகள், அவற்றை ஆடாமல் பிடிக்கும் கம்பி, ஹைட்ராலிக் ஹோஸ், இவைதான் முதலில் அடி வாங்கும். எடைப்பெட்டியை மாட்டி, முழுக்கத் தூக்கி, இரண்டு பக்கமும் தள்ளி ஆட்டிப் பாருங்கள். இடம் போதாவிட்டால் வீல் ஸ்பேசர் போட்டு அகலப்படுத்தலாம். பின்னாளில் முன்னாலும் வாங்கினால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு ஆடும்போதுதான் செயின் ஸ்டியரிங்கின் டை ராடிலும் (சக்கரங்களைத் திருப்பும் கம்பி) லோடர் சட்டத்திலும் உரசும்.

மாட்டும்போது சமதரை, எஞ்சின் அணைத்து, பார்க்கிங் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. குறுக்குச் சங்கிலியின் கொக்கிகளில் திறந்த வாய் வெளியே பார்க்க வேண்டும், உள்ளே பார்த்தால் டயரைக் குடையும். செயினை டயர் மேல் போர்த்தி, முறுக்கு இல்லாமல் நீவிவிட்டு, வண்டியை மெல்ல நகர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டுங்கள். பிறகு வெளிப்பக்கத்தைக் கையால் முடிந்த மட்டும் இழுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்குங்கள், கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, செயினை இறுக்கி, திரும்ப நிரப்பினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். திரவம் நிரப்பிய டயர் என்றால் வால்வை உச்சிக்குக் கொண்டுவந்த பிறகுதான் காற்றை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் முகத்தில் பீச்சும்.