சதாபிஷேகத்துக்கு முந்தின ராத்திரி என்ன படம்?

அத்தை: சனிக்கிழமை ராத்திரி 30 பேராவது அப்பா வீட்டில் தங்குவார்கள். மாடியில் படம் போடலாம் என்கிறாள் தீபா. என்ன படம்? இன்றைக்கே சொல்லுங்கள்.

கார்த்தி: புரொஜெக்டர் நண்பனிடம் கேட்கிறேன்.

பெரியப்பா: ஆபரேஷன் பசிபிக். 1951. ஜான் வெய்ன், பாட்ரீசியா நீல். அப்பாவுக்கு உயிர்.

சித்தி: இங்கிலீஷா? பாட்டிக்கு என்ன புரியும்?

பெரியப்பா: அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் கதை. வெய்ன் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரி. விவாகரத்தான மனைவி ஹவாயில் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் நர்ஸ். அவளை இப்போது விரும்புகிறவன் ஒரு விமானி. அவன் கேப்டனின் சொந்தத் தம்பி! எதிரிக் கப்பல் ஒன்று வெள்ளைக்கொடி காட்டும். நம்பி மேலே வந்ததும் சுடும். கேப்டன் மேல்தளத்தில் குண்டடிபட்டுக் கிடப்பார். கப்பலைக் கீழே இறக்கு என்று அவரே உத்தரவு போடுவார், வெய்ன் இறக்கியாக வேண்டும். நிஜத்தில் நடந்ததை வைத்து எடுத்தது. 1943 பிப்ரவரி 7, க்ரௌலர் என்ற கப்பல், கேப்டன் ஹோவர்ட் கில்மோர். மேல்தளத்தில் அவர் உயிர் போனது, கப்பல் தப்பியது. இறந்த பிறகு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

சித்தி: சமையல்காரர் அட்வான்ஸ் கேட்கிறார்.

அத்தை: எவ்வளவு?

மாமா: எம்.ஜி.ஆர். படம் போடுங்கள். எல்லாரும் பார்ப்பார்கள்.

கார்த்தி: பெரியப்பா, டார்பிடோ நிறைய வெடிக்குமா?

பெரியப்பா: வெடிக்காது. அதுதான் விஷயமே. டார்பிடோ என்றால் தண்ணீருக்குள் பாயும் குண்டு. அன்றைய அமெரிக்க மார்க் 14 டார்பிடோ நேராகப் போய் இடித்தால் உள்ளே வெடிக்கவைக்கும் ஊசி நசுங்கிவிடும். சாய்வாகப் பட்டால் வெடிக்கும். 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி ஒரு பெரிய ஜப்பானிய எண்ணெய்க் கப்பலை நிறுத்தி வைத்து அடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக இடித்ததே தவிர வெடிக்கவில்லை. கேப்டன் கடைசி டார்பிடோவைச் சோதனைக்கென்று பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோனார். ஹவாயில் பாறை மேல் விட்டார்கள், கிரேனில் தூக்கி இரும்புத் தகட்டில் போட்டார்கள். அப்புறம்தான் கோளாறு பிடிபட்டது. கிரேன் சோதனை படத்திலும் வரும்.

கார்த்தி: சூப்பர். எனக்கு ஓகே.

தீபா: நர்ஸ் கடைசியில் யாரைக் கட்டிக்கொள்கிறாள்?

பெரியப்பா: வெய்னிடமே திரும்புவாள்.

தீபா: போச்சு!

சித்தப்பா: அந்தத் தம்பி?

பெரியப்பா: அண்ணன் சாவுக்கு வெய்ன்தான் காரணம் என்று சண்டைக்கு வருவான்.

சித்தப்பா: வராமல் இருப்பானா? அவனைக் கேட்காமல் முடிவெடுத்தால் அப்படித்தான்.

பெரியப்பா: கேட்க நேரம் இருந்ததா? உள்ளே அத்தனை பேர் உயிர்.

சித்தப்பா: சிலதுக்கு நேரம் இருந்தது அண்ணா.

அத்தை: மில் பேச்சு இங்கே வேண்டாம். அப்பாவும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறார்.

மாமா: சமையல்காரருக்கு 5,000 அனுப்பிவிட்டேன்.

சித்தி: நன்றி அண்ணா.

பெரியப்பா: அதே தம்பி விமானம் விழுந்து கடலில் தத்தளிக்கும்போது தூக்குவது இதே கப்பல்தான். அந்தக் கட்டத்தில் அப்பா ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

தாத்தா: போடுங்கள். ரெண்டு பேரும் என் பக்கத்தில் உட்காருங்கள்.

சித்தப்பா: சரிப்பா.

மாமா: அப்போ எம்.ஜி.ஆர். படம் ஞாயிற்றுக்கிழமையா?

கார்த்தி: புரொஜெக்டர் சனிக்கிழமைக்கு மட்டும்தான் கிடைக்குமாம். திரைக்குப் பெரிய வெள்ளை வேட்டி யாரிடம் இருக்கிறது?