ரக்பி "ட்ரை"க்கு என் வாக்கு "ஊன்றல்"

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்து பிரீமியர்ஷிப் ரக்பியின் 2022-23 பருவத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு நாளாகியும் புள்ளிப்பட்டியலின் தலைப்பு வரியைத் தாண்டவில்லை. போட்டி, வெற்றி, சமன், தோல்வி வரைக்கும் வண்டி ஓடியது, "ட்ரை" வந்ததும் நின்றுவிட்டது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதை அப்படிச் சொல்கிறார்கள், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதற்குள் இந்தக் கேள்விக்கு இங்கே பதினைந்து மடல் வந்துவிட்டதால் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லாமல் ஒரே மடலில் எழுதுகிறேன், நீளத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ட்ரை என்றால் முயற்சி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. "சாரசன்ஸ் அணி ஆறு முயற்சிகள் செய்தது" என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் உடனே கேட்பார், "சரி, அதில் எத்தனை பலித்தது?" ஆறும் பலித்துத்தான் முப்பது புள்ளி வந்தது என்று அடிக்குறிப்பா போட முடியும்?

அந்தப் பெயர் வந்த கதையே வேறு. ஆரம்ப காலத்தில் பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் அதற்கென்று புள்ளி எதுவும் கிடையாது. கம்பங்களுக்கு நடுவே ஒருமுறை உதைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த உதைத்துப் பார்க்கும் உரிமைக்குத்தான் "ட்ரை" என்று பெயர், உதை சரியாகப் போனால்தான் கோல். பிறகு தரையில் வைப்பதற்கே மதிப்பு ஏறிக்கொண்டே போனது. 1893இல் 3 புள்ளி, 1971இல் 4, 1992இல் 5. அதன் பின்னால் வரும் உதைக்கு இன்று 2தான். ஆக, காரணம் செத்து நூறு வருடத்துக்கு மேலாகியும் பெயர் மட்டும் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு அது பழகிவிட்டது, பிரெஞ்சுக்காரரும் அதே பொருளில் "எஸ்ஸே" என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இன்றைக்குப் புதிதாகச் சொல் தேடும் நாம் எதற்கு அந்தச் செத்த காரணத்தைத் தமிழில் பெயர்த்துத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

> ஐந்து புள்ளி கிடைப்பதால் "ஐம்புள்ளி" எனலாமே?

வேண்டவே வேண்டாம். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதற்கு "ட்ரீ" என்கிறார்கள், அந்த மொழியில் அது மூன்று என்ற எண்ணும்கூட. ஒலியும் ஒத்துப்போயிற்று, 1971 வரை புள்ளியும் ஒத்துப்போயிற்று. இன்று அங்கே ஒருவர் "மூன்று" போட்டால் பலகையில் ஐந்து ஏறுகிறது. விதி மாறும்போதெல்லாம் பொய்யாகிப்போகும் சொல் நமக்கு எதற்கு?

> "தொடுகை" அல்லது "தரைதொடல்"?

இதில் எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது. ஆனால் ரக்பியில் பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போவதைத்தான் "டச்" என்கிறார்கள், அந்தக் கோட்டைத் தமிழில் தொடுகோடு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். "தொடுகோட்டருகே தொடுகை" என்று ஒரு வாக்கியம் வந்தால் பந்து உள்ளேயா வெளியேயா என்று எழுதியவருக்கே குழம்பும்.

"இலக்கு" என்று சொன்ன தம்பிக்கு: இத்தாலியர் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் ரக்பியில் கம்பத்துக்கு நடுவே உதைக்கும் கோல் தனியாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

ஆகவே நான் முன்வைப்பது ஊன்றல். வினை ஊன்று. பந்தை ஊன்றினார், ஊன்றப் பாய்ந்தார், ஊன்றவிடவில்லை.

ஏன் இது பொருந்துகிறது என்றால், விதி கேட்பதே இதைத்தான். பந்து கையில் இருந்தால் அதைத் தரையில் பட வைத்தால் போதும், ஆனால் தரையில் கிடக்கும் பந்து என்றால் கையாலோ, இடுப்புக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட முன்னுடம்பாலோ மேலிருந்து அழுத்த வேண்டும், லேசாக உரசிவிட்டுப் போனால் செல்லாது. விதையை ஊன்றுகிறோம், கம்பை ஊன்றுகிறோம், காலை ஊன்றி நிற்கிறோம், எல்லாவற்றிலும் அந்தக் கீழ்நோக்கிய அழுத்தம் இருக்கிறது. (முதல் வகையில் அழுத்தம் தேவையில்லையே என்று யாராவது பிடிப்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பாய்ந்து விழுகிற நூறு கிலோ ஆள் அழுத்தாமல் வைப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.)

எனக்கு இந்தச் சொல் உறுதியானது ஒரு காட்சியை எழுதிப் பார்த்தபோதுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். நடுவர் குனிந்து, மண்டியிட்டு, கடைசியில் கன்னம் புல்லில் படும் அளவுக்குப் படுத்துப் பந்தைத் தேடுகிறார். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கும் தரைக்கும் நடுவே தடுப்பவர் ஒருவரின் முழங்கை மாட்டிக்கொண்டிருக்கிறது. புள்ளி இல்லை. இதை "முயற்சி"யை வைத்து எழுதப்போய் "முயன்றும் முயற்சி ஆகவில்லை" என்று முடிந்தது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கோட்டைத் தாண்டியும் பந்தை ஊன்றவிடவில்லை" என்று எழுதினால் விதி தெரியாதவருக்கும் நடந்தது புரிகிறது.

கிளைச்சொற்களும் தானாக வருகின்றன. கோட்டுக்கு ஊன்றுகோடு, அதற்கு அப்பாலுள்ள பகுதிக்கு ஊன்றுகளம். பின்னால் வரும் உதையை ஊன்றிய இடத்துக்கு நேராகப் பின்வாங்கித்தான் உதைக்க வேண்டும், மூலையில் ஊன்றினால் கோணம் கடினம், கம்பங்களுக்கு அடியில் ஊன்றினால் சுலபம். அதனால்தான் கோட்டைத் தாண்டிய பிறகும் ஆட்கள் நடுப்பக்கமாக ஓடுகிறார்கள். "ஊன்றுமிடம்" என்ற சொல் கையில் இருந்தால் இதை ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

> அப்போ ஊன்றலும் கோலும் சேர்ந்தால் "ஊன்றுகோல்" ஆகிவிடுமே!

சிரித்துவிட்டேன் அண்ணா. ஆனால் வேடிக்கை என்னவென்றால், பழைய கணக்கில் ஊன்றலுக்குப் பின் உதையும் சரியாகப் போனால் இரண்டையும் சேர்த்துக் "கோல்" என்றுதான் எழுதினார்கள். ஆக, ஊன்றுகோல் வரலாற்றுப்படி மிகச் சரி! பயன்படுத்த வேண்டாம்.

ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கிறது. எதிரணி தவறு செய்திராவிட்டால் நிச்சயம் ஊன்றியிருப்பார்கள் என்று நடுவர் கருதினால் கம்பங்களுக்கு அடியில் போய் நின்று கையைத் தூக்கிவிடுவார். இதற்குப் "பெனால்டி ட்ரை" என்று பெயர், 2017 முதல் உதையே இல்லாமல் நேராக 7 புள்ளி. அங்கே யாருமே எதையும் ஊன்றவில்லை. இதற்கு என்னிடம் அழகான விடை இல்லை. "தண்ட ஊன்றல்" என்று எழுதினால் வீணாய்ப் போன ஊன்றல் என்று படிப்பார்கள், "நடுவர் ஊன்றல்" என்றால் நடுவரே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது போல இருக்கிறது. கால்பந்தில் பெனால்டி எல்லாருக்கும் பழக்கம்தானே, "பெனால்டி ஊன்றல்" என்று விட்டுவிடலாம்.

அடுத்து போனஸ், அதாவது ஓர் ஆட்டத்துக்குப் பிறகு புள்ளிப்பட்டியலில் அணிக்குக் கூடுதலாகச் சேரும் புள்ளி. "ஊக்கப்புள்ளி" என்ற பரிந்துரையைப் பட்டியலில் போட்டுப் பார்த்தேன். ஊன்றல் ஊக்கப்புள்ளி, சுருக்கம் "ஊ.ஊ.". பட்டியல் முழுக்க யாரோ ஊளையிடுவது மாதிரி இருக்கிறது. போனஸ் எல்லாருக்கும் தெரிந்த சொல், அப்படியே இருக்கட்டும். ஊன்றல் போனஸ், தோல்வி போனஸ்.

ஊன்றல் போனஸுக்குச் சொல்லப்பட்ட "நாலூன்றல் புள்ளி" வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஓர் ஆட்டத்தில் நான்கு ஊன்றினால் போனஸ், தோற்றவருக்கும் உண்டு. பிரான்சின் முதல்நிலைத் தொடரான டாப் 14இல் எதிரணியைவிட மூன்று ஊன்றல் அதிகமாக இருந்தால்தான் கிடைக்கும். தோல்வி போனஸும் அப்படித்தான், இங்கிலாந்தில் 7 புள்ளிக்குள் தோற்றால் ஒன்று, பிரான்சில் 5க்குள். 30-24 என்று தோற்ற அணிக்கு இங்கிலாந்தில் ஒரு போனஸ் புள்ளி, பிரான்சில் ஒன்றுமில்லை. ஏழு என்பது உதையோடு சேர்ந்த ஓர் ஊன்றல், ஐந்து என்பது உதை தவறிய ஓர் ஊன்றல், அவ்வளவு இடைவெளி. தோல்வி போனஸுக்குச் சொல்லப்பட்ட "நூலிழைப் புள்ளி" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏழு புள்ளியை நூலிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக, இந்தப் பருவத்துக்கே உரிய ஒரு தலைவலி. 13 அணிகளோடு தொடங்கியது. செப்டம்பர் கடைசியில் கடன் சிக்கலில் வூஸ்டர் நிறுத்திவைக்கப்பட்டது, அக்டோபரில் வாஸ்ப்ஸும் அதே வழியில் போனது. அவை ஆடிய ஆட்டங்களின் முடிவுகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய 11 அணிகளுக்கும் ஆளுக்கு 20 ஆட்டம் என்று கணக்கு முடிந்தது. ஐந்தாவதாக வந்த லண்டன் ஐரிஷும் பருவம் முடிந்த கையோடு ஜூன் 2023இல் வெளியேற்றப்பட்டது, அடுத்த பருவத்தில் பத்தே அணி. இதற்கெல்லாம் "தரமிறக்கம்" என்ற ஒரே சொல்லைப் போட்டால் ஆடித் தோற்று இறங்கியவை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் "இடைவிலகல்" என்று எழுதியிருந்தேன், ஒருவர் அவை தாமாக விலகவில்லையே என்றார், சரிதான், "இடைநீக்கம்" என்று மாற்றிவிட்டேன். நீக்கிய ஆட்டங்களுக்கு "கணக்கில் சேராதவை", அதற்குக் கலைச்சொல் தேவையில்லை. அந்த ஆட்டங்களில் ஊன்றியவர்கள் நிஜமாகவே ஊன்றினார்கள், பட்டியலில்தான் அந்த ஊன்றல்கள் இல்லை.

சொற்களைப் போட்டு எழுதிய ஒரு பத்தி, சரியாக ஓடுகிறதா பாருங்கள்:

"பருவத்தை முதலிடத்தில் முடித்த சாரசன்ஸ், 2023 மே 27 அன்று ட்விக்கனத்தில் நடந்த இறுதிப்போட்டியில் சேல் அணியை 35-25 என வென்றது. வழக்கமான சுற்றில் நான்கு ஊன்றல் போட்ட அணி தோற்றாலும் ஊன்றல் போனஸ் பெறும், 7 புள்ளிக்குள் தோற்றால் தோல்வி போனஸும் சேரும், இதனால் தோற்ற அணியும் ஓர் ஆட்டத்தில் இரண்டு புள்ளி எடுக்க முடியும்."

எனக்கு இடறவில்லை. "ஊன்றல் போட்ட" என்பதா "ஊன்றல் எடுத்த" என்பதா என்பதில்தான் இன்னும் ஊசலாட்டம். கோல் போடுகிறோம், ஓட்டம் எடுக்கிறோம். நான் "போட்ட" பக்கம். ஊன்றலுக்குப் பின் வரும் உதைக்கு ஒருவர் சொன்ன "மாற்றுதை" பற்றி நாளை தனி மடல் எழுதுகிறேன், அதைப் படித்தால் மாற்று ஆட்டக்காரர் வந்து உதைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.