கொல்லையில் விழுந்து கிடந்த வண்ணக் குருவி, என்ன செய்வது?

மன்னார்குடிக்காரன்:
ராத்திரி நல்ல மழை. விடிகாலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் விளக்குக்குக் கீழே சுவரோரம் ஒரு குருவி கிடக்கிறது. மைனாவை விடச் சின்னது, முதுகு பச்சை, இறக்கையில் பளபளவென்று நீலம், கண்ணுக்கு மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை, குட்டையூண்டு வால், அதற்கு அடியில் குங்குமச் சிவப்பு. உயிர் இருக்கிறது, பறக்கத்தான் இல்லை. காக்கை கொத்த வந்ததால் கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நொய் வைத்தேன், தொடவே இல்லை. யாரோ வளர்த்தது தப்பி வந்திருக்கும் என்கிறார் அம்மா. என்ன கொடுக்கலாம்?

குடந்தை வாத்தியார்:
வளர்ப்புப் பறவை இல்லை தம்பி, ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும், அதனால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். நொய் சாப்பிடாது, சருகைப் புரட்டிப் பூச்சியும் மண்புழுவும் தின்கிற பறவை. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கம் தென்மேற்குப் பருவமழையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கேயும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் ராத்திரியில்தான், அதனால் விளக்கைப் பார்த்துக் குழம்பிச் சுவரில் மோதிவிடும். கூடை வேண்டாம், வெளிச்சம் பட்டால் மிரளும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வை. வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே, மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் புதர் ஓரமாக விடு. இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல். கூண்டில் வைக்கிற ஆசை வந்தால், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது!

வேதாரண்யத்தான்:
எங்கள் பக்கம் கோடியக்கரைக் காட்டில் ஐப்பசி வாக்கில் இவற்றைப் பார்க்கலாம், பார்க்கலாம் என்றால் முக்கால்வாசி காதால்தான். தரையில் தத்தித் தத்திப் போகும், குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டும், நாம் ஒரு அடி வைத்தால் புதருக்குள் மாயம். அந்தக் காட்டைத் தாண்டினால் கடல், அப்புறம் இலங்கை. ஐம்பது அறுபது கிராம்தான் இருக்கும், இதற்கு எங்கிருந்து இவ்வளவு தைரியமோ. அங்கே சிங்களத்தில் ஒரு கதை உண்டு: மயில் தோகை முதலில் இதனுடையதாம், மயில் திருடிக்கொண்டதாம்.
ஒன்று கேட்கிறேன் தம்பி, உங்கள் கொல்லையில் சருகு கிடக்கிறதா? மூங்கில், வாழை, மாமரம் என்று நிழலும் சருகும் இருந்தால் பங்குனி வரை அங்கேயே தங்கிவிடும். கூட்டிக் கொளுத்தினால் அது தின்ன ஒன்றும் இருக்காது.

மன்னார்குடிக்காரன்:
பத்து மணிக்குப் பெட்டிக்குள் சடசட என்று சத்தம். மூங்கில் புதரடியில் வைத்துத் திறந்தேன், பறக்கவில்லை, குதித்து ஓடிச் சருகுக்குள் போய்விட்டது. சாயங்காலம் விசில் கேட்டது, மணி ஐந்து ஐம்பது. இதே சத்தத்தை வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன் என்கிறார் அம்மா, ஏதோ தவளை என்று நினைத்தாராம். சருகைத் தொட மாட்டோம். ஆனால் தென்னை மட்டை குவிந்து பாம்பு அடையும் என்று பயப்படுகிறார், அதை மட்டும் எடுத்துவிடலாமா?

குடந்தை வாத்தியார்:
மட்டையைத் தாராளமாக எடு. கொல்லை விளக்கை ராத்திரி அணைத்து வை.