புதிய சைக்கிள் வரத்து இல்லாத நேரத்தில் பழுதுபார்ப்பை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியுமா?

கடைக்காரர், தண்டையார்பேட்டை (2021 செப்டம்பர்):
கடந்த ஆண்டு ஊரடங்கிற்குப் பிறகு சைக்கிள் கேட்டு வருவோர் பெருகிவிட்டனர். ஆனால் சென்னையின் சைக்கிள் சந்தையான ரத்தன் பஜாரில் முன்பணம் கட்டிவைத்தாலும் கியர் சைக்கிள் எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்வாரில்லை. பஞ்சர், ஓவராயில் (முழு வண்டியையும் பிரித்துச் சரிசெய்வது), சக்கரத்தின் கோட்டம் எடுப்பது ஆகியவற்றில் வரும் வருமானத்தில்தான் இப்போது கடை ஓடுகிறது. கடை வாடகையும் ஒரு மெக்கானிக்கின் சம்பளமும் இதில் தேறுமா, பாகம் கிடைக்காத வண்டிகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மெக்கானிக், பெரம்பூர்:
தேறும் ஐயா. ஆனால் கூலியைப் பாகத்தின் விலைக்குள் சேர்த்து வாங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இல்லையெனில் பாகம் வராத மாதத்தில் கூலியும் வராது. கியருக்கு உலகமே ஜப்பானின் ஷிமானோ போன்ற ஒருசில நிறுவனங்களை நம்பியிருப்பதால், அவர்கள் மலேசியாவில் ஆலையை மூடினால் இங்கே மூலக்கொத்தளத்தில் வண்டி நின்றுவிடுகிறது. இருப்பினும் எல்லா வண்டிக்கும் அதே பாகம்தான் வேண்டும் என்பதில்லை. 8 கியர் செயின் 6, 7 கியர் வண்டிகளுக்கும் பொருந்தும் என்பதால் அந்த ஒரு வகையை இருப்பு வைத்தாலே போதும். டயரில் மட்டும் கவனம் தேவை: 26 x 1.95, 26 x 1⅜ இரண்டையும் நாம் 26 அங்குலம் என்றே சொன்னாலும், முன்னதற்கு ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர், பின்னது 590. ஒன்றுக்கு மற்றொன்று ஏறாது. மாறாக, 29 அங்குலம், 700சி என்ற டயர் அளவுகள் இரண்டுக்கும் 622தான். அகலம் ஒத்துவந்தால் மாற்றிப் போடலாம்.

வாடிக்கையாளர், காசிமேடு:
கூலியைத் தனியாகக் கேட்பதில் தவறில்லை. வேலை தொடங்கும் முன் சொல்லிவிட்டால் போதும். தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, பழைய வண்டியில் கழற்றிய ப்ரீவீலை (பின்சக்கரப் பல்சக்கரத்தை)ப் புதியது என்று என் வண்டியில் மாட்டிய கடையும் உண்டு. கழற்றிய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுங்கள். கடற்காற்றில் செயினும் ஸ்போக்ஸும் விரைவில் துருப்பிடிக்கும் பகுதி இது. நம்பிக்கை வந்துவிட்டால் நாங்கள் வேறு கடைக்குப் போகமாட்டோம்.

கடைக்காரர், திருவொற்றியூர்:
கியர் சைக்கிளைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். செப்டம்பர் 1 முதல் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறந்துவிட்டன. பல மாதங்களாக வீட்டு வாசலில் காற்றிறங்கிக் கிடந்த அரசின் விலையில்லா மிதிவண்டிகள் டியூப் வெடிப்புடனும் இறுகிய பால்ரஸுடனும் (அச்சில் உருளும் இரும்புக் குண்டுகள்) வரிசையாக வருகின்றன. அவற்றுக்கான பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன, எந்த மெக்கானிக்குக்கும் வேலை தெரியும். மாணவர்களிடம் அதிகம் கேட்க முடியாது என்பது உண்மைதான். எனவே பால்ரஸ், கிரீஸ், பிரேக் கட்டை, செயின் எண்ணெய் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒரே தொகையைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். இம்மாத வாடகை அதிலிருந்துதான் வந்தது.